நாக்கில் தொங்கிய நீர்யானை

மரக்காணத்து உப்பளத்தில், இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மாசி மாதம், பட்டப்பகல் பதினொன்றரை மணிக்கு, ஒரு நீர்யானை ஒரு மனிதரின் நாக்கைப் பிடித்துத் தொங்கியது. நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை, உட்காருங்கள்.

வாழி அந்நாக்கு! திண்டிவனம் மரக்காணம் பேருந்துத் தடத்தில், விரலை ஈரப்படுத்தி ஈரப்படுத்தி, முப்பத்தோராண்டில் பன்னிரண்டு கோடிப் பயணச்சீட்டுகளைக் கிழித்துத் தள்ளிய பெருநாக்கு! அதைத் தம் திருவாயில் தாங்கியவரும், விசிலோசையால் பக்கிங்காம் கால்வாயையே ஓரங்கட்டி நிற்கவைத்தவரும், படிக்கட்டுத் தொங்கிகளின் காலனுமாகிய நடத்துநர் பஞ்சநாதனார் வாழி!

பணி ஓய்வு பெற்ற மறுநாளே, பூமியின் வயிற்றில் உறங்கும் ஆதி விலங்குகளை எழுப்பியே தீர்வதென்று புறப்பட்ட இப்பெருமகனார், புதுச்சேரிக் கல்லூரியொன்றில் மண்ணியல் கற்பிக்கும் அருள்மொழி என்னும் நல்லாளின் திருமுன் ஏழு முறை ஏழு கற்களைப் படைத்து ஏழு முறையும் மண்ணைக் கவ்வியிருந்தார். இரண்டு செங்கல், ஒன்று கருகிய கொட்டாங்கச்சி, மற்ற நான்கும், மரமே கல்லாகிப்போன திருவக்கரைக் கல்மரம். "எட்டாவதும் பொய்த்தால் இனி இப்பூமியை நோக்கிக் குனிய மாட்டேன், செருப்பைக்கூட நின்றபடியேதான் மாட்டுவேன்!" என்று அவர் சூளுரைத்தபோது தெருவிலிருந்த ஆடுகள் மேய்ச்சலை நிறுத்தின.

முந்தைய ஐப்பசி மழை உடைத்த உப்பளக் கரையை அடைக்க, வானூர்ப் பக்கத்திலிருந்து லாரியில் வந்து குவிந்திருந்த கிராவல் மலையிலே கிடந்தது அந்த எட்டாவது. அரைச்சாண் நீளம், பழுப்பு நிறம், யுகயுகமாய் ஏதோ ஆற்றில் உருண்டு மூக்கும் முழியும் தேய்ந்த துண்டு, ஒரு விளிம்பில் பல்லென்று சொன்னால் பல், இல்லையென்றால் இல்லை. போனில் விடுத்த ஓலை கண்டு ஸ்கூட்டி ஏறி விரைந்து வந்த அருள்மொழி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தாடை மாதிரிதான் இருக்குது சார். ரொம்பத் தேஞ்சிருக்கு. பல்லு மேல என்ன கோலம்னு தெரிஞ்சாத்தான் யாரோடதுன்னு சொல்ல முடியும்."

பஞ்சநாதனார் அதனைப் உப்புப் பாத்தித் தண்ணீரில் மூன்று முறை முக்கிக் கழுவினார். மூன்று முறையும், வெயில் உலர்த்திய மறுகணமே, தோற்றோடிய மன்னன் கோட்டைக்கதவை அடைத்துக்கொள்வதுபோல அந்தப் பல் உப்பென்னும் வெண்போர்வைக்குள் ஒளிந்துகொண்டது. நல்ல தண்ணீர் வேண்டும்! அதுவோ கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரேயொரு பச்சை பிளாஸ்டிக் குடத்தில்தான் இருந்தது. அக்குடத்தைக் காத்து நின்றவர், பத்துப் பெண்கள் கொண்ட மண்வெட்டிப் படையின் தலைவி, கரை அடைக்க வந்த கொளஞ்சியம்மாள்.

"இது பதினோரு பேரு குடிக்கிற தண்ணி, கண்டக்டரே. கல்லுக்கு அபிசேகம் பண்றதுக்கில்ல. அது கல்மரம்தான், எங்க அய்யனார் கோயில்ல படிக்கட்டா கெடக்குது. ஒடப்புக்குள்ள போட்டு மண்ணத் தள்ளணும், குடுங்க!"

கை நீண்டது. மண்வெட்டிகள் பதினொன்றும் உயர்ந்தன. இன்னும் ஒரு நொடியில் எட்டாவது கனவும் கரைக்குள் புதையும் என்ற அந்தப் பொல்லாப் பொழுதில், முப்பத்தோராண்டுப் பழக்கம் மூளையைக் கேட்காமலே வேலை செய்ய, ஈரம் வேண்டுமென்றால் நாக்கிருக்கையில் குடமெதற்கு என்று வீறுகொண்டு, கடைசிச் சீட்டைக் கிழிக்கும் ஆவேசத்தோடு பஞ்சநாதனார் அத்துண்டின் உடைந்த பக்கத்தை ஒரே இழுப்பாக நக்கினார். நக்கிய நாக்கு திரும்பவில்லை! கையை விட்டார், கல் விழவில்லை! அட்டைபோல, அரசுக் கடிதத்து அரக்குபோல, திருவிழா நெரிசலில் தாயின் முந்தானையைப் பற்றிய பிள்ளைபோல, அது அவர் நாவைப் பற்றித் தொங்கியது.

"ஆங்ங்ங்!" என்று அவர் முழங்கிய முழக்கத்தில் வங்கக்கடல் இரண்டடி பின்வாங்கியது. மண்வெட்டிப் படை சிரித்துச் சேற்றில் உட்கார்ந்தது.

"இழுக்காதீங்க சார்!" என்று துள்ளினார் அருள்மொழி. "அக்கா, கல்மரம் இப்படி ஒட்டாது! ரொம்பப் பழைய எலும்புதான் நாக்க உறிஞ்சிப் புடிக்கும்!"

"அடப் பாவி மனுசா, நாக்கு போச்சுன்னா ஊரு என்னத்தான் பேசும்!" என்று கொளஞ்சியம்மாள் பச்சைக் குடத்தைத் தூக்கிக் கவிழ்த்தார். கங்கையே இறங்கியதுபோல் நல்ல தண்ணீர் இறங்கியது, நாக்கு விடுபட்டது, உப்புப் போர்வை கரைந்தது, இதோ, அருள்மொழியின் உள்ளங்கையில் விழுந்த அந்தத் தேய்ந்த பல்லின் மேல், தேய்ந்ததனாலேயே வெளிப்பட்டு, எதிரெதிரே இரண்டு வில்வ இலைகள்!

அருள்மொழி அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "மூணு மூணு மடிப்பா... சார், இந்தக் கோலம் நீர்யானைக்குத்தான்! ஆதி காலத்துல நம்ம ஆத்துலயும் இருந்துச்சு! நீர்யானையோட கடவாய்ப்பல்லு!"

தடித்த நாக்கோடு நிமிர்ந்தார் பஞ்சநாதனார். வானும் மண்ணும் உப்பும் கேட்க, தம் வாழ்நாள் பிரகடனத்தை வெளியிட்டார்: "ரைட்! போலாம்!"

அன்று மாலைக்குள் அந்நீர்யானை ஊருக்குள் நாற்பதடி வளர்ந்துவிட்டது. நம்பாத டீக்கடை இருசப்பன், கரை வேலை முடிந்து வந்த கொளஞ்சியம்மாளை மறித்தார். "யக்கா, நீர்யானை வந்து கண்டக்டரு நாக்குல தொங்குச்சாமே? நீயும் அங்கதான இருந்த, நெசமாவா?"

கொளஞ்சியம்மாள் காலிக் குடத்தைக் கீழே வைத்தார்.

"தொங்குச்சுப்பா, தண்ணி பூரா அதுக்கே போயிடுச்சு, ஒரு டீ போடு."