தன் ஜீப்பைத் தானே கழற்றுபவர்

ஜீப்பின் முன் அச்சிலுள்ள கிராஸ் ஜாயின்டை மாற்றுவது அரைநாள் வேலைதானாம். யாரோ ஒருவருடைய சகலை, டீ ஆறுவதற்குள் மாற்றிவிட்டாராம். இந்த வதந்தியைக் கிளப்பியவர் யாரென்று எனக்குத் தெரியாது. நம்பியவரை உங்களுக்கே தெரியும். தன் வண்டியைத் தன் கையாலேயே பிரித்துப் போடும் ஆசாமி, வீதிக்கு ஒருவராவது இருப்பார்.

அவர் வாசலில் இருபத்தைந்து வயது ஜீப் ஒன்று நிற்கும். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற, மலை ஏறப் பிறந்த வண்டி. இதுவரை அது ஏறிய உச்சம், சூப்பர் மார்க்கெட் மாடியின் கார் நிறுத்துமிடம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன்சக்கரத்தில் 'டக், டக்' என்று கேட்கும். நமக்கு அது சத்தம். அவருக்கு அழைப்பு.

"மெக்கானிக்கிட்ட விட்டுடுங்களேன்" என்பார் மனைவி.

"அவன் சுத்தியலாலேயே எல்லாத்தையும் அடிப்பான். அவனுக்கு என்ன தெரியும்?"

இன்று மாமியாருக்குக் கண் ஆபரேஷன். மனைவி காலையிலேயே டாக்சியில் துணைக்குப் போகிறார்.

"நாலு மணிக்கு ஜீப்போட ஆஸ்பத்திரிக்கு வந்துடுவீங்கல்ல? அம்மாவால கண்ணுல கட்டோட வாசல்ல காத்துட்டு நிக்க முடியாது."

"பன்னெண்டுக்கே முடிஞ்சுடும். நீ கிளம்பு!"

பன்னிரண்டு மணிக்கு என்ன முடிந்தது? கழற்றுவது முடிந்தது. சக்கரத்தை எடுத்து, பிரேக்கைக் கம்பியில் தொங்கவிட்டு, இருபத்தைந்து வருடத் துருவோடு மல்லுக்கட்டி, முழங்கையைச் சிராய்த்து, அச்சுத் தண்டை உருவியெடுத்து, 'கையோட கையா அந்தப் பக்கத்தையும் பார்த்துடலாம்' என்று நன்றாயிருந்த மறுபக்கத்தையும் உருவிப் போட்டாயிற்று. இப்போது ஜீப் முன்னங்கால்கள் இல்லாமல் ஸ்டாண்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது.

புது ஜாயின்ட் என்பது சிலுவை மாதிரி ஓர் இரும்பு. நான்கு முனையிலும் தொப்பி மாதிரி நான்கு குப்பி. குப்பிக்குள் கிரீஸில் ஒட்டி நிற்கும் பொடி ஊசிகள். ஓர் ஊசி சாய்ந்தாலும் குப்பி அச்சின் துளைக்குள் முழுதாக இறங்காது. மூன்று இறங்கிவிட்டன. நான்காவது, நகக்கண் அளவு வெளியே நிற்கிறது. அவர் எடுக்கிறார், சுத்தியலை.

இந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டிலிருந்து நீங்கள் வருகிறீர்கள். சும்மா எட்டிப்பார்க்க.

"ஊசி ஏதாவது சாய்ஞ்சிருக்கும் சார். வெளிய எடுத்துப் பாருங்க."

"அதெல்லாம் இல்ல. துரு தடுக்குது."

வாதாட வேண்டியதுதானே நீங்கள்? மாட்டீர்கள். குனிகிறீர்கள். சட்டைக்கையை மடிக்கிறீர்கள். "இப்படி நேரா அடிச்சா எப்படி? கொஞ்சம் சாய்ச்சு அடிக்கணும். இங்க குடுங்க."

மணி நாலே கால். பானெட்டின்மேல் அவர் போன் அடித்து ஓய்கிறது. அடுத்து உங்கள் பாக்கெட்டில் அடிக்கிறது. அவர் மனைவிதான். 'டாக்சி பிடிச்சு வந்துடுங்கம்மா' என்று சொல்ல அரை நிமிடம் போதும். ஜீப்காரருக்கே அது உறைக்கிறது.

"எடுங்க சார், பாவம், நிப்பாங்க…"

"இருங்க சார். ஒரே ஒரு தட்டு."

சொன்னது நீங்கள்தான். போன் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது.