ரத்தத்தில் பொங்கிய அப்பா

ரத்தவாக்கு ஐயா ஊருக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் மண்டபத்தில் நிற்க இடமில்லை. விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கிண்ணத்துத் தீர்த்தத்தில் விடுவார். நுரை பொங்கினால், குடித்தே செத்த மூதாதை ஒருவர் ரத்தத்தில் குடியிருக்கிறார் என்று பொருள். இதுவரை பொங்காத ரத்தமே கிடையாது. அது எப்படி என்று யாராவது யோசித்தார்களா? யோசிப்பதற்கா மண்டபத்துக்கு வருகிறார்கள்?

தீயணைப்பு வீரரும் யோசிக்கவில்லை. துணிக்கிடங்குத் தீயில் கூட்டாளியைக் கண்ணெதிரே பறிகொடுத்ததிலிருந்து, புகை வாடை பட்டாலே அவருக்கு உடம்பு நடுங்கும். நடுக்கம் அடங்கக் குடித்தார். அவருடைய அப்பாவும் ஒரு விபத்துக்குப் பிறகு குடியில் விழுந்து, அதிலேயே செத்தவர்தான். அதனால் கிண்ணம் பொங்கி, "உங்கப்பாதான் உள்ள உக்காந்து குடிக்கக் கேக்கறாரு" என்று ஐயா சொன்னபோது, வீரருக்கு ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது.

அடுத்து ஐயா, வீரருடைய ஆறு வயது மகளின் விரலைக் குத்தினார். பொங்கியது.

"இவளையும் பிடிச்சாச்சு. பரிகாரம் பண்ணலேன்னா தப்பிக்க மாட்டா."

குழந்தை அழவில்லை. அப்பாவையே பார்த்தது.

கூட வந்திருந்த வீரரின் அக்கா, பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருபது வருஷமாக ரசாயனப் புட்டிகளோடு குடித்தனம் நடத்துபவர். கடைக்குப் போய்விட்டு நேரே வந்திருந்தார். பையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்து, அங்கே எலுமிச்சை அறுக்க வைத்திருந்த கத்தியால் நறுக்கி, ஒரு துண்டைக் கிண்ணத்தில் போட்டார்.

தீர்த்தம் நுரைத்து வழிந்தது.

"ஐயா, இதோட அப்பாவும் குடிகாரரா?"

மண்டபம் சிரித்தது.

"சரி, உங்க விரலைக் கொஞ்சம் கொடுங்க."

ஐயாவின் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போயின.

"புண்ணைக் கழுவுற மருந்துத் தண்ணிங்க இது. யார் ரத்தம் பட்டாலும், பச்சைக் கிழங்கு பட்டாலும் நுரைக்கும்" என்றார் அக்கா.

வெளியே வந்ததும் வீரர் கேட்டார்: "அப்போ அப்பாகிட்டேருந்து எனக்கு ஒண்ணும் வரலையாக்கா?"

"வந்திருக்கலாம்டா. அதிர்ச்சி மனசுல தங்கிப் போறதுக்கும், குடி பிடிச்சுக்கறதுக்கும் பரம்பரையில கொஞ்சம் தொடர்பு இருக்குன்னு டாக்டருங்க சொல்றாங்க. அதுக்காக வந்தே தீரும்னு இல்ல. ரெண்டுக்கும் வைத்தியம் இருக்கு."

மறுநாள் காலை மனநல மருத்துவர் முன்னால் உட்கார்ந்து, அந்தத் தீயைப் பற்றி வீரர் முதல்முறையாக வாய் திறந்தார்.

ஐயா அடுத்த ஊரில் கடை விரித்துவிட்டார். வாசலில், காய்கறி கொண்டுவரக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறாராம். மூளையைக் கொண்டுவரக் கூடாது என்று எழுதவில்லை. அதை எவரும் கொண்டுவர மாட்டார்கள் என்ற தைரியம்தான்.