பழுது நாட்டுக்குப் போன லிஃப்ட்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. அம்மாவின் முழங்கால்கள் நீங்கலாக இங்கே அனைவரும் நலம். உன் நலத்தை நீயாகச் சொல்ல மாட்டாய் என்பதால் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். பத்தொன்பது வருடம் கழித்து நம் குடியிருப்பின் லிஃப்டைச் சரிசெய்யப் போகிறார்கள். எல்லா வீட்டாரும் கையெழுத்துப் போட்டால் மறுநாளே மெக்கானிக் வருவார். நான்கு மாடி இறங்க முடியாது என்று அம்மா என்னைத்தான் கூட்டத்துக்கு அனுப்பினாள். போன நான் மறுத்துவிட்டேன். "எல்லாரும் போட்டாச்சு, நீ மட்டும்தாம்மா பாக்கி. என்ன ஆட்சேபணை?" என்று சங்கச் செயலாளர் கேட்டார். உண்மையைச் சொல்ல முடியுமா? படி ஏறுவது உடம்புக்கு நல்லது என்றேன். அவர் மூச்சு வாங்க நான்கு மாடி ஏறி வந்து அதை அப்படியே அம்மாவிடம் ஒப்பித்துவிட்டார். அன்றிலிருந்து அம்மா, "காய்கறிப் பையோட என்னையும் தூக்கிட்டு ஏறு, இன்னும் நல்லது" என்பதைத் தவிர என்னிடம் எதுவும் பேசுவதில்லை.

காரணம் உனக்கு ஞாபகம் இருக்கும். இல்லாவிட்டால் நான் சொல்கிறேன். எனக்கு ஆறு வயது, அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியிருந்தேன், லிஃப்ட் கதவில் தொங்கிய அட்டையைப் படித்துவிட்டு, "பழுதுன்னா என்ன?" என்று கேட்டேன். பத்து வயதுப் பெரிய மனிதனான நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "அது ஒரு நாடு. லிஃப்ட் அங்க போயிருக்கு, அதான் வரல" என்றாய். அவ்வளவுதான், நான் குடியுரிமை வாங்கிவிட்டேன். அங்கே மழை கீழிருந்து மேலே பெய்யும், கடிகாரங்கள் தமக்குப் பிடித்த மணியைக் காட்டும், ராஜா தும்மினால் ஊரே இடம் மாறிவிடும். இரண்டாம் மாடிப் பல் டாக்டர் வீட்டில் கேட்ட ராவுகிற சத்தம், எல்லைப் பூதம் பல் தீட்டுவது. நீ தளபதி, நான் படை. குடையும் துடைப்பமும் தாங்கி எத்தனை மாலை அந்தப் படிக்கட்டில் போர் புரிந்தோம். தெருக்குழாயிலும் பஸ்ஸிலும் அதே அட்டையைப் பார்த்து, இந்த நாட்டுக்கு எத்தனை வாசல் என்று மலைத்தேன். வகுப்பில் நாடுகளின் பெயர் கேட்டபோது முதல் ஆளாய் எழுந்து பழுது என்றேன். டீச்சர் அம்மாவுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். இன்றும் ஏ.டி.எம். வாசலில் அந்தச் சொல்லைப் பார்த்து மற்றவர்கள் சலித்துக்கொள்ளும்போது எனக்கு மட்டும் சொந்த ஊர் ஞாபகம் வருகிறது.

ஆனால் நீ ஒரு சத்தியம் வாங்கினாய். கதவு திறக்கும் நாளில் இரண்டு பேரும் சேர்ந்தேதான் ஏற வேண்டும். ஒருவர் மட்டும் போனால் மற்றவர் இந்தப் பக்கமே மாட்டிக்கொள்வார். நீ வேலைக்கென்று கிளம்பிப் போய் மூன்று வருடம், வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. யார் போனது, யார் மாட்டிக்கொண்டது என்று நான் விசாரணை வைக்கவில்லை. ஒரே ஒரு நாள் வந்துவிட்டுப் போ. அன்றே கையெழுத்துப் போடுகிறேன். அதுவரை அம்மாவின் முழங்கால்கள் உன் பொறுப்பு.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொள். கேட்காமலே என் அன்பு உனக்கு உண்டு.

இப்படிக்கு,
உன் மொத்தப் படை

பி.கு.: இதை உறையில் போடுவதற்குள் அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போய்த் தானே கையெழுத்துப் போட்டுவிட்டாள். நேற்று லிஃப்ட் ஓடியது. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள், லீவுக்கு அலைய வேண்டாம். நான் ஏறவில்லை. அம்மாதான் முதலில், தனியாக ஏறினாள். நான் படியில் ஓடி நான்காம் மாடியில் போய் நின்றேன். கதவு திறந்ததும், "எப்படிம்மா இருந்துச்சு?" என்றேன். அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "நல்லாத்தான் வச்சிருக்காங்க. பெரியவன் எப்ப வர்றான்னு ராஜா கேட்டார். வேலை ஜாஸ்தின்னு சொல்லி வச்சிருக்கேன்."