செங்கல் கனத்தில் ஒரு நோட்டு

அன்பு மருமகளுக்கு,

உன் தாய்மாமன், அதாவது மாற்றிக்கொள்ள வேறு தாய்மாமன் இல்லாததால் நீ சகித்துக்கொண்டிருக்கும் மாமன், எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவது முறை. முறைக்காக எழுதிவிட்டேன், நம்பிவிடாதே. நான் நாலாம் வகுப்போடு நின்றவன், எழுத்து கோணலாக இருந்தால் தலையைச் சாய்த்துப் படித்துக்கொள். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அம்மா வந்து எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறாள். என் சீட்டு தைக்கிற பட்டறையிலிருந்து பேசலாம் என்றால், நீ பாதியில் புகுந்து என்னைத் திட்ட ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தைத் திட்டினால் எனக்குக் கேட்காது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு இன்னும் ஆபரேஷன் ஆகவில்லை. இரண்டு முறை நாள் குறித்தார்கள். இரண்டு முறையும் நீ மேனேஜர் காலைப் பிடித்து லீவு வாங்கினாய். இரண்டு முறையும் அவள் "நோட்டு இன்னும் முடியலை" என்று சொல்லித் தள்ளிவிட்டாள். வயிற்றில் இருக்கிற கட்டிக்கு நோட்டு பற்றியெல்லாம் தெரியாது, அது பாட்டுக்கு வளரும் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். அந்த நோட்டை வாங்கிக் கொடுத்தது நான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி யாரென்று இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருந்தேன், இப்போது தெரிந்துவிட்டது.

ஆனால் யோசனை உன்னுடையது, அதை மறந்துவிடாதே. "அம்மா சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்த்துட்டே இருக்காங்க மாமா, ஒரு நல்ல நோட்டு வாங்கிக் குடுங்க, பழைய டிக்கெட், போட்டோ, ரிப்பன் எல்லாம் ஒட்டி, ஓரத்துல படம் வரைஞ்சு, கீழ ரெண்டு வரி எழுதட்டும், மனசு லேசாகும்" என்று நீதான் சொன்னாய். நானும் கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்கிப் போனேன். உன் அம்மா அதில் ஒரு போட்டோவை ஒட்டினாள், பசை ஊறி அந்தப் பக்கம் தாத்தா நெற்றி மாதிரிச் சுருங்கிவிட்டது. "போட்டோவுல எனக்கு இருபது வயசு, காகிதத்துக்கு எண்பது வயசாடா?" என்று தூக்கி எறிந்தாள். அடுத்து, சின்னப் பூட்டும் சாவியும் வைத்த நோட்டு. அது வயசுப் பெண்கள் ரகசியம் எழுதுவதாம், எனக்கென்ன தெரியும்? "இந்த வீட்டுல என்னடா ரகசியம் இருக்கு, என் வயித்துக்குள்ள இருக்கிறது வரைக்கும் ஊருக்கே தெரியும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது தடவை வீம்பாகப் பெரிய கடைக்கே போனேன். வண்டி சீட்டுக்கு உறை தைக்கிறவன் தோல் வாங்குவது எப்படியோ அப்படித்தான் நோட்டும் வாங்குவான். மடித்துப் பார்த்தேன், நகத்தால் கீறிப் பார்த்தேன், மோந்து பார்த்தேன். கடைப் பெண் ஓடி வந்தாள்.

"சார், சார், கீறாதீங்க சார்! என்ன வேணும்?"

"பசை போட்டா சுருங்கக் கூடாது, எவ்வளவு ஒட்டினாலும் முதுகு பிரியக் கூடாது."

"அப்ப கெட்டிக் காகிதம் எடுங்க. கம்பிச் சுருள் போட்டது எடுத்தா ஒட்ட ஒட்ட விரிஞ்சு குடுக்கும். யாருக்கு, பேத்திக்கா?"

பேத்தியா! என் தலையில் இருப்பது நரை இல்லை, பெயிண்ட் என்று சொல்லிவிட்டு, அந்த அலமாரியிலேயே தடித்ததை எடுத்தேன். செங்கல் கனம். பெண் "இது ரொம்பப் பெரிசு சார், முடிக்க நாளாகும்" என்றாள். அவள் சொன்னது காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை. அக்காவுக்கு வாங்குகிறோம், சின்னதாகவா வாங்குவது என்ற பெருமை. உன் அம்மா எதையும் பாதியில் விடமாட்டாள் என்பது எனக்குத் தெரியாதா? நமத்துப்போன பிஸ்கட் பாக்கெட்டைக் கடைசித் துண்டு வரை தின்று தீர்த்துவிட்டுத்தான் "நல்லாவே இல்லை" என்பாள். உன் அப்பாவையும் அதே கணக்கில்தான் வைத்திருக்கிறாள், ஆரம்பித்துவிட்டோம், முடித்துத்தான் ஆக வேண்டும் என்று. அப்படிப்பட்டவள் கையில் செங்கலைக் கொடுத்துவிட்டு, அடுத்த மாசம் ஆபரேஷன் என்று நாள் வேறு குறித்தோம்.

அவள் ஒட்டுகிற வேகம் உனக்குத் தெரியாதே. பரண்மேல் இருந்த தகரப்பெட்டியை உன் அப்பாவை இறக்கச் சொன்னாள். அதில் உன் பள்ளிச் சட்டைப் பட்டன் ஒன்று. அதை ஒட்ட ஒரு முழுச் சாயங்காலம். பட்டனைச் சுற்றிச் சட்டை வரைந்து, சட்டைக்குக் காலர் வரைந்து, காலரில் அழுக்குக்கூட வரைந்தாள். அடுத்து ஒரு சாவி. நீ பிறப்பதற்கு முன்னால் குடியிருந்த வாடகை வீட்டுச் சாவியாம். "இதை ஏங்கா திருப்பிக் குடுக்கலை?" என்றேன். "காலி பண்ணும்போது வீட்டுக்காரன் ரொம்பப் பேசினான். பூட்டை உடைக்கட்டும்னு எடுத்துட்டு வந்துட்டேன்" என்றாள். பக்கத்துக்கு ஒன்றுதான் ஒட்டுவாளாம், இரண்டு ஒட்டினால் ஒன்றை ஒன்று பார்த்து முறைக்குமாம். இப்படி நோட்டு வாய் பிளந்துகொண்டு பருக்கிறது, உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இளைத்துக்கொண்டே போகிறாள். வளையலைக் கழற்றி வைத்துவிட்டாள், கையில் நிற்கவில்லை. கேட்டால் "ஒட்டும்போது இடிக்குது" என்கிறாள்.

போன வாரம் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். "எப்பம்மா வந்து சேர்றீங்க?" என்று கேட்டார். "பாதி நோட்டு பாக்கி இருக்கு டாக்டர்" என்றாள் இவள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அந்த நோட்டு யார் வாங்கிக் குடுத்தது?" உன் அம்மா விரலை நீட்டினாள், உன் அப்பாவும் நீட்டினார். வாழ்நாளில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். டாக்டரம்மா என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நிறையச் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இனிமே தள்ளாதீங்க" என்றது மட்டும் புரிந்தது.

ஆகவே நானும் உன் அப்பாவும் கூட்டுச் சதி செய்தோம். நோட்டை எப்படியாவது நிரப்பிவிட வேண்டும். ஊரெல்லாம் தண்ணீர் மீட்டர் கணக்கெடுத்துவிட்டு வந்து வீட்டில் ஒரு வார்த்தை பேசாத மனுஷன், உன் அப்பா, அன்றைக்குத்தான் மூளையைப் பயன்படுத்தினார். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருப்பார்களே ஒரு காகிதம், விரித்தால் போர்வை அளவுக்கு வருமே, அதை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இதை ஒட்டு."

"இது என்னங்க, நினைவுப்பொருளா?"

"நீ முழுங்கின மாத்திரைதானே. நீ மறந்தாலும் உன் வயிறு மறக்காது."

"போய்ப் படுங்க" என்றாள். அதோடு அவர் சதியிலிருந்து விலகிக்கொண்டார்.

நான் செய்ததைத்தான் இனிமேல் எழுத வேண்டும், பேனா நகரமாட்டேன் என்கிறது. அவள் தூங்கும்போது நோட்டைப் பட்டறைக்கு எடுத்துப் போய், பின்னால் இருக்கிற வெறும் பக்கங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒட்டிவிட்டேன். பாதி குறையுமல்லவா? சீட்டுப் பஞ்சை இரும்போடு ஒட்டுகிற மஞ்சள் பசையால் ஒட்டினேன், லாரி கவிழ்ந்தாலும் பிரியாத பசை. பக்கம் குறைந்ததை அவள் கண்டுபிடித்தால் "கெட்டிக் காகிதம்க்கா, இன்னும் கெட்டியாயிடுச்சு" என்று சொல்லிச் சமாளிப்பதாக ஏற்பாடு. மறுநாள் அவள் பின்பக்கமாக எதையோ தேடுகிறாள், புரட்டுகிறாள், திரும்பப் புரட்டுகிறாள். "என்னக்கா?" என்றேன். "இங்க ஒண்ணு சொருகி வெச்சிருந்தேனே, கடைசியில ஒட்டலாம்னு."

மருமகளே, அது நீ ஒன்றாம் வகுப்பில் வரைந்த படம். உன் அம்மாவுக்குப் பெரிய மீசை வைத்து, பக்கத்தில் உன்னைக் குச்சி மாதிரிப் போட்டு, தலைக்கு மேல் ஒரு சூரியன். பக்கங்களை ஒட்டும்போது அதைப் பார்க்காமல் சேர்த்து ஒட்டித் தொலைத்திருக்கிறேன். பட்டறைக்கு ஓடிப் போய்க் கத்தியைக் கொண்டுவந்து மெல்ல மெல்லப் பிரித்தேன். படம் நடுவில் உரிந்துவிட்டது. மீசை ஒரு பக்கம் வந்தது, அம்மா இன்னொரு பக்கம். சூரியன் எங்கே போனது என்றே தெரியவில்லை. நான் தரையில் உட்கார்ந்து மீசையைக் கையில் வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழிக்கிறேன். உன் அம்மா பார்த்தாள். "விடுடா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

பிறந்ததிலிருந்து என்னைத் திட்டாமல் அவள் ஒரு நாளும் விட்டதில்லை. நேற்று விட்டாள். அவள் உடம்பு எவ்வளவு மோசம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஸ்கேனில் புரியாதது இதில் புரிந்துவிட்டது.

எனவே இப்போது உன்னிடம் கேட்பது இதுதான். நோட்டை நிரப்பப் பெரிய பெரிய சாமான்களாக அனுப்பு. உன் ஆபீசில் கும்பலாக நின்று எடுத்த போட்டோ, சர்டிபிகேட் நகல், பழைய வரைபடம், துணிக்கடைக் காகிதப் பை, எதுவானாலும் சரி, ஒன்றை ஒட்டினால் ஒரு பக்கம் ஒழிய வேண்டும். பட்டன், ரிப்பன், தபால்தலை அனுப்பினாயோ தொலைந்தோம். முக்கியமாக, நீ கிளம்பி வராதே. மூன்றாவது தடவை லீவு கேட்டால் உன் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி இருப்பதையே உன் மேனேஜர் நம்பமாட்டார். நோட்டு முடியட்டும், நாள் குறித்ததும் சொல்கிறேன். இந்தக் கடிதத்தைக் கொண்டு வருகிற லாரி டிரைவர் என் வாடிக்கைக்காரர். நாளை சாயங்காலம் அங்கிருந்து திரும்புகிறார், அவரிடமே எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்துவிடு.

உன் அப்பா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். அதாவது, "எழுதட்டுமா?" என்று கேட்டேன், தலையை ஆட்டினார். நீ எல்லா நன்மையும் பெற்று நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு. இளைத்துக் கிளைத்துத் தொலைக்காதே, வீட்டில் அதற்கு ஒருத்தி போதும்.

இப்படிக்கு,
உன்னை வளர்த்ததில் தனக்கும் பங்கு உண்டு என்று சொல்லித் திரியும் மாமன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். கடிதத்தை மடித்தாகிவிட்டது, டிரைவர் டீ குடிக்கப் போனார், அதற்குள் உன் அம்மா பட்டறைக்கே வந்துவிட்டாள். உன் அப்பா ஒரு கையில் அவளைத் தாங்கி, இன்னொரு கையில் நோட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறார். வந்தவள் மிஷின் பக்கத்தில் நோட்டை வைத்தாள்.

"மிச்சம் இருக்கிற வெறும் பக்கத்தை எல்லாம் சேர்த்து ஓரமா தைச்சு மூடுடா."

"எதுக்குக்கா?"

"டாக்டரம்மா கூப்பிட்டாங்க. நாளான்னைக்குப் படுக்கை காலியாகுதாம். சரின்னுட்டேன்."

"நோட்டு முடியலையே?"

"தைச்சு மூடிட்டா முடிஞ்ச மாதிரிதான். பாதியில விட்டுட்டுப் போனாள்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது." அப்புறம் என் ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்கு பயம்டா. நோட்டெல்லாம் ஒரு சாக்கு. நேத்து நீ அந்த மீசையைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்தியே, என்னைவிட நீ பயந்துட்டு இருக்கன்னு தெரிஞ்சுது. யாராவது ஒருத்தர் தைரியமா இருக்கணும்ல."

"சிவப்பு நூலா, நீல நூலாக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"எது சீக்கிரம் பிரியுமோ அது. திரும்பி வந்தா நான் பிரிச்சுக்கிறேன்." நோட்டை என் பக்கம் தள்ளினாள். "இல்லேன்னா அவ பிரிக்கட்டும்."

நான் தைத்தால் சீட்டு கிழிந்தாலும் தையல் பிரியாது என்பதுதான் என் பெயரே. அந்தப் பெயரை இன்றைக்குக் கெடுத்துக்கொண்டேன். எட்டி எட்டித் தையல் போட்டு, முடிச்சுப் போடாமல், நுனியை நீளமாக விட்டிருக்கிறேன். பிடித்து இழுத்தால் வந்துவிடும். அவள் கண் விழிக்கும்போது நீ பக்கத்தில் இருந்தால், அந்த நுனியை எடுத்து அவள் கையில் கொடுக்கலாம்.

அதனால் சாமான் எதுவும் வேண்டாம், நீ வா. போனில் சொன்னால் நம்பமாட்டாய், இரண்டு தடவை ஏமாந்தவள். லீவு கேட்காதே, போகிறேன் என்று சொல்லிவிட்டு வா. இதே லாரியில் ஏறிக்கொள், முன்சீட்டு நான் தைத்ததுதான், முதுகு வலிக்காது. டிரைவர் வழி நெடுக வாய் ஓயாமல் பேசுவார், பக்கத்தில் இருப்பவர் அழுதால்கூடக் கவனிக்கமாட்டார். அதற்காகத்தான் அவரை அனுப்புகிறேன்.