கம்ப்யூட்டருக்குப் பத்துப் பொருத்தம்

திருத்தணியில் கிருத்திகை வந்தால் மலைமேல் ஒரு கூட்டம், அடிவாரத்தில் ஒரு கூட்டம். மேலே போகிறவர்கள் முருகனைப் பார்க்கப் போகிறார்கள். மொட்டையடித்துச் சந்தனம் பூசிக்கொண்டு இறங்கி வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போவதில்லை. நேரே சிங்காரத்தின் கொட்டகை வாசலில் போய் வரிசையில் நிற்பார்கள். எண்பத்தெட்டாம் வருஷம் அந்த வாசலில் தொங்கிய பலகையில், "இயந்திரப் பொருத்தம் பார்க்கப்படும். மோட்டார், பம்புசெட், விசைத்தறி, கம்ப்யூட்டர்" என்று எழுதியிருந்தது.

பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பொருத்தம் பார்க்கத் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அந்தத் தொழிலில் போட்டி அதிகம். சிங்காரம் யோசித்தார். தறியும் மோட்டாரும் சேர்ந்துதானே குடும்பம் நடத்துகின்றன? அவற்றுக்கு மட்டும் ஜாதகம் கிடையாதா? இயந்திரத்தை முதன்முதலில் ஓட்டிய நேரமே அது பிறந்த நேரம் என்று அவரே ஒரு சாஸ்திரம் செய்தார். ஜனம் 'அடடா, இது நமக்குத் தோணாமப் போச்சே' என்று வருத்தப்பட்டது. அதற்கு என்னென்னவோ தோன்றாமல் போயிருக்கிறது. அதற்கெல்லாம் வருத்தப்பட்டதில்லை.

திருவாலங்காட்டிலிருந்து கரும்பு விவசாயி பம்புசெட்டைக் கட்டை வண்டியில் ஏற்றி வந்தார். கனகம்மாசத்திரத்து மாவு மில்காரர் மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். சிங்காரம் பூதக்கண்ணாடியால் முன்னும் பின்னும் பார்ப்பார். கண்ணை மூடுவார். சிவப்பு நோட்டில் கட்டம் போடுவார். "பத்துக்கு எட்டு, தாராளமா சேக்கலாம்" என்பார். அல்லது, "ரஜ்ஜு தட்டுது, இது உன் தறியோட வாழாது" என்பார். வாழக்கூடிய இன்னொரு மோட்டார் அவர் கொட்டகையின் பின்பக்கமே தயாராக இருக்கும். வாங்கிப் போய் மாட்டினால் அது ஜம்மென்று ஓடும். வேடிக்கை என்னவென்றால் சிங்காரம் சொன்னது பலித்தது. அதனால்தான் கூட்டம்.

கோமளவல்லி அந்த வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போவாள். கொட்டகையைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். கடைத்தெரு மாடியில் பரந்தாமன் நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் அவள் டீச்சர். நெசவுக்காரர் வீட்டுப் பெண், வயது இருபத்தேழு, நட்சத்திரம் மூலம். 'பெண் மூலம் நிர்மூலம்' என்று எவனோ சொல்லிவிட்டுப் போனான். சொன்னவனுக்கு எதுகை கிடைத்தது, இவளுக்கு மாப்பிள்ளை கிடைக்கவில்லை. வந்த நாலு இடமும் நட்சத்திரத்தைக் கேட்டதும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போயின. போகட்டும் என்று விட்டுவிட்டாள். அவளுக்கு வேலை இருந்தது, வேலையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. வீட்டில் உலை வைப்பதும் அந்த வேலையால்தான்.

பரந்தாமன் நல்ல மனுஷர். ஆனால் பல்லி கத்தினால் பஞ்சாங்கத்தைத் திறக்கிறவர். கம்ப்யூட்டரை ஆயுத பூஜையன்றுதான் முதலில் ஓட்டினார். கீபோர்டில் எழுத்துக்கு ஒரு பொட்டாக வைத்த குங்குமத்தைச் சுரண்டி எடுக்கக் கோமளவல்லிக்கு இரண்டு நாள் பிடித்தது.

இப்போது புது வகுப்பு ஒன்று தொடங்க வேண்டும். அதற்கான புரோகிராம் ஓட 512 கே மெமரி வேண்டும், மெஷினில் இருந்தது 256. உள்ளே காலியாக இருந்த வரிசையில் இன்னும் ஒன்பது மெமரி சிப் செருகினால் தீர்ந்தது. கறுப்பு உடம்பும் பதினாறு காலுமாக இருப்பதால் மாணவர்கள் அதற்குப் பூச்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். மெஷினோடு வந்த புத்தகத்தைப் பார்த்து, 41256, கடைசியில் 15 என்று கோமளவல்லி ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். பரந்தாமன் சீட்டை ஒரு சட்டையில் வைத்துவிட்டு வேறு சட்டை போட்டுக்கொண்டு மெட்ராசுக்குப் போனார். கண்ணால் பார்த்து வாங்கினார். அதே கறுப்பு, அதே பதினாறு கால், அதே 41 என்று தொடங்கிய நம்பர். போதாதா?

போதவில்லை. அவர் வாங்கியது 4164, கடைசியில் 20. மாட்டியதும் மெஷின் 256 வரை எண்ணி, பீப் பீப் பீப் என்று கத்தி நின்றுவிட்டது. கோமளவல்லி அன்று மணவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். பரந்தாமன் சட்டைப்பையைத் தேடியிருக்கலாம், புத்தகத்தைப் பிரித்திருக்கலாம். சிங்காரத்தைக் கூட்டிவந்தார்.

மறுநாள் அவள் வந்தபோது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். மெஷினுக்கு ரோகிணியாம், மெமரிக்குக் கேட்டையாம், பத்துக்கு மூன்றுதான் தேறுகிறதாம். சிங்காரம் சாமி தானே ஒன்பது பூச்சி வரவழைத்துத் தருகிறாராம்.

"சரி சார், வரட்டும். அதுக்கு ஏன் ஜன்னல பாத்துகினு பேசறீங்க?"

"தப்பா எடுத்துக்காத கோமளா. மூல நட்சத்திரத்துக்காரி கை பட்டுகினு இருக்கற வரைக்கும் எந்த மெமரியும் ஒட்டாதாம். நாளைலேர்ந்து நீ வரவேணாம்."

அவளுக்கு அழுகை வந்தது. அழுகையைத் தள்ளிக்கொண்டு கோபம் வந்தது. மனுஷன் வேண்டாம் என்றான், பொறுத்தாள். இப்போது தைவானில் செய்த தகரப்பெட்டியும் இவள் நட்சத்திரத்தைக் கேட்கிறதா?

"சார், நாலு வருஷம் உங்ககிட்ட வேல செஞ்சிருக்கேன். ஒரே ஒரு சோதன. அதுல தோத்தா நீங்க சொல்லவே வேணாம், நானே போயிடறேன்" என்றாள். பரந்தாமன் ஏற்கெனவே குற்ற உணர்ச்சியில் இருந்தார். தலையாட்டினார்.

சிங்காரத்துக்குச் சொல்லி அனுப்பியதும் அவருக்கு ஏக சந்தோஷம். கிருத்திகையன்று கொட்டகையிலேயே வைத்துக்கொள்வோம், ஊரே பார்க்கட்டும் என்றார். விளம்பரம் சும்மா கிடைத்தால் யார் விடுவார்கள்? கம்ப்யூட்டர் சைக்கிள் ரிக்ஷாவில் ஊர்வலமாகப் போனது. வழியில் ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சிங்காரம் தான் கணித்த ஒன்பது பூச்சியைப் பூவோடு எடுத்து வைத்தார். கோமளவல்லி அவற்றைத் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் 41256, கடைசியில் 15. அவளுக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. பரந்தாமன் வாங்கிய ஒன்பதையும் அதோடு சேர்த்தாள். பதினெட்டின் முதுகிலும் நம்பர் தெரியாமல் கறுப்பு டேப் ஒட்டி, பங்காருவிடம் கொடுத்துத் தாம்பாளத்தில் கலக்கச் சொன்னாள். பங்காரு விசைத்தறிக்காரர், நகரிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர். சிங்காரத்திடம் இரண்டு மோட்டார் வாங்கிய பக்தர், ஆகையால் நம்பகமான சாட்சி.

"சாமி, இதுல ஒம்பது இந்த மெஷினுக்கு ஒத்துவரும், ஒம்பது ஒத்துவராது. நட்சத்திரம் பாத்து ஒத்துவர்றத எடுத்துக் குடுங்க."

சிங்காரம் தாம்பாளத்தைப் பார்த்தார். "டேப்ப எடும்மா. மொகத்த மூடிட்டா எப்பிடி பொருத்தம் பாக்கறது?"

"பம்பாய்ல இருக்கற மாப்பிள்ளைக்குத் திருத்தணில உக்காந்துகினே பொருத்தம் பாக்கறாங்களே. மொகத்த பாத்தா பாக்கறாங்க?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அதே கேள்வி பலருக்கும் எழுந்துவிட்டது. வேறு வழியில்லாமல் சிங்காரம் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து மந்திரம் முணுமுணுத்தார். விபூதி பூசுகிற சாக்கில் டேப்பின் ஓரத்தை நகத்தால் கிளப்பினார். "சாமி, நகம் பூசை பண்ணுதே" என்றார் பங்காரு. பக்தர்தான், ஆனால் கண் நன்றாகத் தெரியும். நகம் பின்வாங்கியது. அரை மணி நேரத்தில் வேர்க்க விறுவிறுக்க ஒன்பதைப் பிரித்து வைத்தார்.

டேப்பை உரித்தார்கள். நாலு சரி, ஐந்து தப்பு. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் மலை ஏறி வந்த எந்தக் குழந்தையும் அந்த நாலை எடுக்கும்.

"மூலத்துக்காரி நெழல் விழுந்துட்ச்சி. அதான் கணக்கு தப்புது" என்றார் சிங்காரம். மொட்டைத் தலைகள் சில ஆமென்று ஆடின. கோமளவல்லி தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"நெழல் என்னா, கையே படட்டும்" என்றாள். மீதி டேப்பையும் உரித்தாள். மெஷினோடு வந்த புத்தகத்தைப் பிரித்து நம்பரை உரக்கப் படித்தாள். அந்த நம்பர் இருந்த ஒன்பதைப் பொறுக்கி, கால் வளையாமல் வரிசையில் அழுத்தினாள். புத்தகம் சொன்னபடி உள்ளே இருந்த சின்ன ஸ்விட்சை நகர்த்தினாள். மெஷினைப் போட்டாள்.

64, 128, 192, 256. பரந்தாமன் கண்ணை மூடிக்கொண்டார். 320, 384, 448, 512. பிறகு ஒரே ஒரு பீப். மெஷின் சாதுவாக அடுத்த வேலைக்குக் காத்திருந்தது. அதற்குத் தன்னைத் தொட்டது மூலமா ரேவதியா என்று கேட்கத் தெரியவில்லை. தைவானில் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை போலும்.

இந்தக் களேபரத்தில் சிங்காரம் சிவப்பு நோட்டை இடுப்பில் செருகப் பார்த்தார். பங்காரு பிடுங்கினார். பரந்தாமனின் கம்ப்யூட்டருக்குப் போட்ட கட்டத்தில் குரு இல்லை, சுக்கிரன் இல்லை. லக்னத்தில் 41256, இரண்டாம் வீட்டில் 15. பங்காருவின் தறிக்குப் போட்ட கட்டத்தில் ஒரு குதிரைத்திறன், 1440 சுற்று. சிங்காரம் சாமியாவதற்கு முன்னால் பத்து வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். மோட்டார் முதுகில் கம்பெனிக்காரன் தகட்டில் அடித்துக் கொடுத்ததைப் பூதக்கண்ணாடியால் படித்தார். நம்பர் ஒத்துப்போனால் பொருத்தம், ஒத்துப்போகாவிட்டால் தோஷம். சாஸ்திரம் அவ்வளவுதான்.

பங்காரு கொட்டகையின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். தோஷம் என்று சிங்காரம் சொன்னதால் அவர் தள்ளிவிட்டுப் போன பழைய மோட்டார், புதுக் குங்குமம் வைத்துக்கொண்டு மணக்கோலத்தில் நின்றது. கழுத்தில் தொங்கிய சீட்டில் மாவு மில்காரரின் பெயர்.

"இன்னா நைனா இது? எனக்கு ஆவாத பொண்ண அவருக்குக் கட்டி வெக்கறியா?"

சிங்காரம் வாசல் பக்கமாக நழுவினார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கிருத்திகைக் கூட்டத்தோடு கூட்டமாக ஒரு திருப்பதி பஸ்ஸில் ஏறினார். கூட்டம் சேர்த்துக் கொடுத்த முருகனே கூட்டத்தில் ஒளிந்துகொள்ளவும் வழி செய்தார். பரந்தாமன் ரிக்ஷாவுக்கு அருகில் வந்து, கோமளவல்லியின் முகத்தைப் பார்த்தே பேசினார். நாளைக்கு வகுப்பு எட்டு மணிக்கு, நீதான் எடுக்கணும், என்னை மன்னிச்சுடும்மா என்றார். அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. ஏழரைக்கே வருகிறேன் என்றாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நம் ஜனத்துக்குப் புத்தி வந்துவிட்டது என்று எழுதிவிடலாம். மறுநாள் காலை இன்ஸ்டிடியூட் மாடிப்படியில் வரிசை. முதல் ஆளாக அந்த மாவு மில்காரர், மடியில் மோட்டாரோடு. மூல நட்சத்திரக் கை என்றால் ராசியான கையாம், ராத்திரியே ஊரெல்லாம் பேச்சாம். ஒரு தடவை தொட்டுக் கொடுத்தால் போதுமாம்.

கோமளவல்லி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். டைப்ரைட்டர் துடைக்கும் துணியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அந்தத் தகட்ட நல்லா தொடைங்க அண்ணே. அதுல என்னா எழுதியிருக்குன்னு நீங்களே படிங்க. படிக்கத் தெரியலன்னா உக்காருங்க, சொல்லித் தரேன். தொட்டெல்லாம் குடுக்க மாட்டேன்."

மில்காரர் சந்தனம் காயாத மொட்டையைத் தடவிக்கொண்டு நின்றார். ஐயா, மலையில் முடியைக் கொடுத்துவிட்டு வந்தீர்கள், சரி, மூன்று மாதத்தில் வளர்ந்துவிடும். அடிவாரத்தில் மூளையைக் கொடுத்துவிட்டு வருகிறீர்களே, அது வளருமா என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.