நீடித்த கழிவுமேடு

ஒரு காட்டில், மரங்களை விட மண்மேடு உயரமாக இருந்தது. காடு முதலில் வந்ததா, மேடு முதலில் வந்ததா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். காடுதான் முதலில். பிற்பாடு பெருச்சாளிகள் கூடி ஒரு கம்பெனி ஆரம்பித்து, தரைக்கடியில் வெள்ளைக்கல் இருக்கிறதென்று தோண்டின. நூறு கூடை தோண்டினால் பத்துக் கூடைதான் கல். மீதித் தொண்ணூறும் மண், தூள், சில்லு. கல் வெளியூர்க் காடுகளுக்குப் போனது. மீதியை ஒரு ஓரமாகக் கொட்டச் சொன்னார்கள். அந்த ஓரம்தான் பன்னிரண்டு வருஷத்தில் மேடாகிவிட்டது.

கொட்டியது ஒரு கழுதை. பெயர் மாசிலாமணி. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர்தான், ஆனால் உடம்பெல்லாம் எப்போதும் வெள்ளைத் தூள் படிந்திருக்கும். தும்மினால் எதிரில் நிற்கிற ஆள் மறைந்துபோவார். காலையில் முதுகில் மூட்டை ஏறும், சாயங்காலம் இறங்கும். நடுவில் என்ன நினைத்துக்கொண்டு நடந்தது என்று யாரும் கேட்டதில்லை. அதுவும் சொன்னதில்லை.

மேட்டின் அடிவாரத்தில் நாற்பது முயல் குடும்பங்கள் வளை தோண்டி வாழ்ந்தன. அவர்களுக்குத் தலைவி பாவாயி. ஒரு ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்து மேட்டின் ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பதினோரு வளைகள் மூடிக்கொண்டன. பத்து வளையிலிருந்து எல்லோரையும் இழுத்துப் போட்டுவிட்டார்கள். பதினோராவது பாவாயியின் தங்கை வளை. அங்கே தோண்டத் தோண்ட மண்தான் வந்தது.

மாசிலாமணி அன்று அங்கேதான் நின்றது. அந்த மண்ணை அதற்கு அடையாளம் தெரிந்தது. எந்த வருஷம், எந்தக் குழியிலிருந்து தூக்கி வந்தோம் என்று கூடச் சொல்லியிருக்கும். யாரும் அதைக் குறை சொல்லவில்லை. அதுதான் அதற்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மறுநாள் வேலைக்குப் போய், மூட்டையை ஏற்றிக்கொண்டு, மேட்டுக்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. அடித்துப் பார்த்தார்கள். நகரவில்லை.

அப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான் அதன் மூட்டையில் ஒரு குளவி வந்து உட்கார்ந்தது. செங்கமலம் என்று பெயர். பரம்பரைக் கொத்தனார் குடும்பம். எங்கே போனாலும் முதலில் அந்த ஊர் மண்ணை வாயில் போட்டு மென்று பார்க்கும். மூட்டையிலிருந்து ஒரு கவளம் எடுத்து மென்றது. துப்பியது. திரும்பவும் எடுத்து மென்றது.

"இதையா அண்ணே கொட்டுறீங்க?" என்றது.

ஆமாம் என்று மாசிலாமணி தலையாட்டியது. அந்தத் தூளில் கொஞ்சம் சுண்ணாம்பும் தண்ணீரும் சேர்த்து அச்சில் அடைத்து, ஏழு நாள் ஈரம் காயாமல் வைத்தால் நல்ல கட்டுக்கல் ஆகும் என்று குளவி விளக்கியது. சொன்னதோடு நிற்காமல் ஒரு நெல்லிக்காய் அளவுக்குச் செய்தும் காட்டியது. எட்டாவது நாள் மாசிலாமணி அதன் மேல் ஏறி நின்றது. கல் உடையவில்லை. கழுதைதான் சறுக்கி விழுந்தது.

பாவாயியிடம் போய்ச் சொன்னார்கள். மேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாக்கினால் மேடு குறையும், அந்தக் கல்லை வைத்து அடிவாரத்தில் சுவர் எழுப்பினால் அடுத்த மழைக்கு வளைகள் தப்பும் என்று. அடுத்த ஐப்பசி மழைக்கு முழுதாக ஒரு வருஷம்கூட இல்லை. பாவாயி, அச்சுக்குப் பலகை எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டது.

பலகை கிடைத்தது. அனுமதி கிடைக்கவில்லை.

காட்டில் கழிவு மேலாண்மை அலுவலகம் என்று ஒன்று இருந்தது. அதிகாரி ஒரு உடும்பு, பெயர் கனகசபாபதி. ஒரு கோப்பைப் பிடித்தால் விடாது என்று பெயர் வாங்கியது. அதன் மேசைக்குப் போய்ச் சேர டோக்கன் வாங்கி வரிசையில் நிற்க வேண்டும். மூவரும் நின்றார்கள். முதல் நாள் ஜெராக்ஸ் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் நாள் ரேகை வைக்கச் சொன்னார்கள். குளவிக்கு வைக்க விரல் இல்லை. கழுதை குளம்பை வைத்தது. பன்னிரண்டு வருஷம் கல்லிலும் சில்லிலும் நடந்து தேய்ந்து வழவழவென்று ஆகிப்போன குளம்பு. இப்படி ஒரு கழுதையே கிடையாது என்று இயந்திரம் சொல்லிவிட்டது. கடைசியில் பாவாயியின் பாதத்தை வைத்துத்தான் உள்ளே போக முடிந்தது.

மூன்றாம் நாள் உடும்பு கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கியது. மேட்டில் இருப்பது கழிவு. கழிவைக் கொட்டத்தான் சட்டத்தில் இடம் இருக்கிறது, எடுக்க இடமில்லை. எடுக்க வேண்டுமானால் அது பயன்படும் பொருள் என்று ஆகும். பயன்படும் என்றால் அது கனிமம். கனிமம் என்றால் இந்த அலுவலகம் இல்லை, கனிம அலுவலகம். அங்கே போனால், கழிவு என்று பதிவான பொருளுக்கு உரிமம் தர மாட்டார்கள்.

"அப்ப நாங்க என்னதாங்க பண்றது?" என்று பாவாயி கேட்டது.

"மழை பெய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றது உடும்பு. கிண்டலாகச் சொல்லவில்லை. அதற்கு வேறு வழி தெரியவில்லை.

வெளியே புங்கமரத்தடியில் மூவரும் உட்கார்ந்தார்கள். குளவி, வந்த கோபத்தில், உடும்பைக் கொட்டிவிட்டு வருகிறேன் என்று எழுந்தது. அந்தச் சொல் மாசிலாமணியின் காதில் எங்கோ போய் மாட்டிக்கொண்டது. கொட்டுவதில்தான் அதற்குப் பன்னிரண்டு வருஷ அனுபவம். மெல்ல எழுந்து, திரும்பவும் டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, உடும்பின் முன்னால் போய் நின்றது.

"ஐயா, கழிவைக் கொட்ட அனுமதி உண்டுங்களா?"

உண்டு, படிவம் ஏழு என்றது உடும்பு.

"எங்கே கொட்டணும்னு அதுல இருக்குதுங்களா?"

உடும்பு படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கொட்டும் இடம் என்று ஒரு கட்டம் இருந்தது. இன்ன இடத்தில்தான் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. மாசிலாமணி அந்தக் கட்டத்தில் "அச்சுக்குள்" என்று எழுதச் சொன்னது. உடும்பு ஐந்து நிமிஷம் யோசித்துவிட்டு முத்திரை குத்தியது. அதன் வாழ்க்கையில் அவ்வளவு சீக்கிரம் அது எதையும் கைவிட்டதில்லை.

வேலை நடந்தது. முயல்கள் தோண்டின. செங்கமலம் கலவையின் பதம் பார்த்தது. மாசிலாமணி, மேலே ஏற்றிய மண்ணையெல்லாம் கீழே இறக்கியது. இறக்கும்போது முதுகில் கனம் அதேதான், ஆனால் நடை வேறு மாதிரி இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஐப்பசி பிறந்தபோது அடிவாரத்தில் பாவாயியைப் போல் எட்டு மடங்கு உயரத்துக்குச் சுவர் நின்றது.

மழை ஒரு மத்தியானத்தில் ஆரம்பித்தது. இரண்டாம் நாள் மத்தியானம் மேடு நகர்ந்தது. எல்லோரும் எதிரில் தள்ளி நின்று பார்த்தார்கள். வெள்ளைச் சேறு சரசரவென்று இறங்கி வந்து சுவரில் மோதியது. சுவர் ஒருமுறை முனகியது. அவ்வளவுதான், நின்றுவிட்டது. பாவாயி சுவரருகே போய், தங்கையின் வளை இருந்த இடத்துக்கு நேராக ஒரு கல்லின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றது. யாரும் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கல்லுக்கு வந்த கிராக்கியைச் சொல்லி முடியாது. கீரிகள் வீடு கட்டக் கேட்டன. நீர்நாய்கள் அணைக்குக் கேட்டன. நரிகள் எதற்கென்று சொல்லாமல் கேட்டன. முயல் குடும்பங்கள் நாற்பதும் கல் அறுக்கும் வேலைக்கு வந்துவிட்டன. பாவாயி மேஸ்திரி ஆனது. உடும்பின் அலுவலகத்தில் பதினாறு பேரைப் புதிதாகச் சேர்த்தார்கள். வாசலில் புதுப் பலகை மாட்டினார்கள்: "நீடித்த கழிவு மேலாண்மை அலுவலகம் - முன்மாதிரி." பக்கத்துக் காடுகளிலிருந்து கூட்டங்கூட்டமாக வந்து பார்த்து, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இரண்டு வருஷம் ஓடியது. ஒருநாள் காலை மாசிலாமணி மூட்டை ஏற்றப் போனபோது, ஏற்ற ஒன்றும் இல்லை. மேடு தீர்ந்துவிட்டது. அதன் அடியில் நசுங்கிக் கிடந்த ஓடையில் தண்ணீர் கசிய ஆரம்பித்திருந்தது. ஓரத்தில் அறுகம்புல் கூட முளைத்திருந்தது. பெருச்சாளிகளும் கல் தீர்ந்துபோய் எப்போதோ வேறு காட்டுக்கு மூட்டை கட்டியிருந்தன.

எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். சுமார் ஒன்பது நாள்.

பத்தாம் நாள் உடும்புக்குக் கடிதம் வந்தது. முன்மாதிரி மேலாண்மையை நேரில் பார்வையிடப் பருந்துகள் குழு ஒன்று அடுத்த மாதம் வருகிறது. உடும்பு ஓடிவந்து பார்த்தது. புல்லைப் பார்த்தது. அதன் முகம் வெளுத்துவிட்டது.

"கழிவு எங்கே?" என்று பாவாயியைக் கேட்டது.

"தீர்ந்துபோச்சுங்க."

"நீடித்த கழிவு மேலாண்மை என்று பலகை வைத்திருக்கிறோம். கழிவு நீடிக்க வேண்டாமா?"

முன்பென்றால் பாவாயி சிரித்திருக்கும். இப்போது சிரிக்க முடியவில்லை. பத்து நாளாக நாற்பது குடும்பமும் சும்மா உட்கார்ந்திருந்தது. வளையில் குட்டிகள் இருந்தன. புங்கமரத்தடியில் கூட்டம் போட்டார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் குன்றுபோல் ஒரு பச்சைக் கரடு இருக்கிறது, அதைத் தோண்டலாம் என்று உடும்பு யோசனை சொன்னது. அந்தக் கரட்டில் வெள்ளைக்கல் ஒரு சில்லு கூடக் கிடையாதே என்று செங்கமலம் எழுந்து கேட்டது. அதுதான் அதன் சிறப்பு என்றது உடும்பு. பெருச்சாளிக் கம்பெனி நூறு கூடை தோண்டினால் தொண்ணூறுதான் கழிவு, பத்துக் கூடை வீணாகக் கல்லாகப் போய்விட்டது. இங்கே நூறுக்கு நூறும் கழிவு, எல்லாவற்றையும் மறுசுழற்சி செய்துவிடலாம் என்று கணக்குச் சொன்னது. கூட்டத்தில் நிறையத் தலைகள் ஆடின.

செங்கமலம் பாவாயியைப் பார்த்தது. கரட்டில் முள்ளம்பன்றிகள் குடியிருக்கின்றனவே என்று கேட்டது.

"இருக்குது அம்மணி" என்றது பாவாயி. "அவங்களுக்கும் அடிவாரத்துல நல்ல சுவராக் கட்டிக் குடுத்துருவோம். நம்ம கல்லு, நம்பிக் கட்டலாம்." குரலில் கொஞ்சமும் வஞ்சகம் இல்லை. உண்மையாகவே சொன்னது.

குளவி எதிர்த்துக் கை தூக்க நினைத்தது. ஆறு காலில் எதைத் தூக்குவது என்று யோசிப்பதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது. நான் இதில் இல்லை என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனது.

மாசிலாமணி கூட்டத்துக்கே வரவில்லை. மேடு தீர்ந்த நாளிலிருந்து அதற்கு உடம்பு சரியில்லை. நடந்தால் முன்கால் எகிறியது. முதுகில் காற்று பட்டால் கூசியது. சுமையே இல்லாமல் தூங்கத் தெரியவில்லை. ஒரு பாறாங்கல்லை யாரிடமாவது சொல்லி முதுகில் ஏற்றிக்கொண்டு, ஓடைக்கரையில் போவதும் வருவதுமாக இருந்தது. முயல்கள் முதலில் பரிதாபப்பட்டன. பிறகு வழிவிட்டு நடந்தன.

கரட்டில் முதல் கூடை தோண்டியபோது கூப்பிட்டு அனுப்பினார்கள். மாசிலாமணி பாறாங்கல்லை இறக்கிவிட்டு வேகமாகப் போனது. கரட்டிலேயே அச்சு வைத்துக் கல் அறுக்கலாமே என்று ஒருவர் கேட்டார். அனுமதிப் படிவத்தில் பழைய மேட்டின் சர்வே எண்தான் இருக்கிறது, அதனால் மண்ணை அங்கே கொண்டுபோய் மேடாக்கி, அந்த மேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று உடும்பு சொல்லிவிட்டது. ஆகவே சிவந்த ஈரமண் மூட்டையில் ஏறியது. மாசிலாமணி ஓடையைத் தாண்டி, அறுகம்புல்லை மிதித்து, நடு இடமாகப் பார்த்துக் கொட்டியது.

மறுநாள் மூட்டையோடு வரும்போது காதோரம் ஒரு ரீங்காரம் கேட்டது. செங்கமலம். இரண்டு நாள் எங்கோ போய்விட்டுத் திரும்பியிருந்தது. கொஞ்சதூரம் கூடவே பறந்துவந்தது.

"இது உங்களுக்குச் சரியாப் படுதா அண்ணே?"

மாசிலாமணி நின்றது. உண்மையாகவே யோசித்தது. முள்ளம்பன்றிகள் தட்டுமுட்டுச் சாமான்களோடு கரட்டிலிருந்து இறங்குவது அங்கிருந்து தெரிந்தது.

"சரியான்னு தெரியல அம்மணி" என்றது. "ஆனா கனமா இருக்குது. நேத்து நல்லாத் தூங்கினேன்."

செங்கமலம் திட்டலாம் என்றுதான் வந்திருந்தது. மூட்டையின் மேல் உட்கார்ந்தது. சும்மா உட்கார்ந்திருக்க முடியாத பழக்கம், ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டது. மென்றது. துப்பியது. திரும்பவும் எடுத்து, இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மென்றது.

"நல்ல பசை மண்ணா இருக்கு" என்றது மெதுவாக. "இதுக்குச் சுண்ணாம்பு பாதி போட்டாலே போதும். பாவாயிகிட்ட நானே சொல்லிடறேன்."

பறந்துபோனது. கழுதை நடந்தது.

நீதி: எந்தத் தொல்லையையும் அடியோடு தீர்த்துவிடாதே, நாளைக்கு நல்லவர்கள் வேலையில்லாமல் திண்டாடுவார்கள்.