ஆறுவதற்குள் ஒரு சம்மதம்

பதற்றக்காரர்களைச் சமையலறைக்குள் விடுவது தப்பு. அதிலும் அவர்களைப் பெண் பார்க்க வருகிற நாளில் விடவே கூடாது. எங்கள் வீட்டில் விட்டார்கள்.

திண்டிவனத்து மாப்பிள்ளையை எனக்கு ஏற்கெனவே பிடித்துப் போயிருந்தது. (போனில் பேசிக்கொண்டிருந்தோம், வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நம்பியிருந்தேன்.) அவருடைய அம்மாவுக்குத்தான் அரை மனது. வெந்நீர்கூட வைக்கத் தெரியாத பெண் என்று யாரோ என்னைப் பற்றிப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அம்மாவுக்கு வாயுத் தொல்லை என்று மாப்பிள்ளை சொன்னதும், எனக்குள் ஒரு வைத்தியர் எழுந்து உட்கார்ந்தார்.

கேசரி வேண்டாம் என்றேன். ஆப்பிளும் பேரிக்காயும் நறுக்கி, நெய், வெல்லம், பட்டை, சுக்கு சேர்த்து பேக் செய்வதாகத் திட்டம். வாதத்தைத் தணிக்கும், ஆனால் சூடாகவே சாப்பிட வேண்டும் என்று வீடியோவில் ஓர் ஆயுர்வேத அம்மாள் சொல்லியிருந்தார். எங்கள் விழுப்புரம் வீட்டில் குக்கர்தான் ஓவன். அடியில் கல்லுப்பைக் கொட்டி, ரப்பரும் விசிலும் போடாமல், உள்ளே கிண்ணத்தை வைத்து மூட வேண்டும். மூடினால் திறக்கக் கூடாது. நானா? மூடுவதும் திறப்பதுமாக இருந்தேன். திறக்கும்போதெல்லாம் பத்தாதோ என்று கொஞ்சம் சுக்குப் பொடி வேறு.

"ஏண்டி அத்தப் போட்டு பேஜார் பண்ணிக்கினு இருக்குற? செத்த நேரம் சும்மா வுடேன்" என்றாள் அம்மா. அதற்குள் அவர்கள் விக்கிரவாண்டி தாண்டிவிட்டதாகப் போன் வந்தது.

வந்தார்கள். சின்னக் கிண்ணங்களில் எடுத்துப் போட்டுச் சுடச்சுடக் கொண்டுபோய் வைத்தேன். யாரும் தொடவில்லை. பேச்சு முடிவாகும்வரை பெண் வீட்டில் கை நனைப்பதில்லை என்பது அவர்கள் வழக்கம். (எங்கள் வழக்கமும்தான். பதற்றத்தில் மறந்துவிட்டேன்.) பேச்சோ மழை, மல்லாட்டை (வேர்க்கடலை) விளைச்சல், யாருக்கு யார் சம்பந்தி என்று ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. கதவோரம் நின்று கிண்ணங்களையே பார்த்தேன். ஆவி குறைந்தது. அப்புறம் நின்றே போனது. இந்தக் கல்யாணமும் சேர்ந்து கைவிட்டுப் போகிறது என்றே தோன்றியது.

"அத்தை, ஆறிடப் போவுது! ஜல்தி சம்மதம்னு சொல்லிட்டு சாப்புடுங்க!"

சொன்னது நான்தான். அப்பா அண்ணாந்து மின்விசிறியை ஆராய்ந்தார். மாப்பிள்ளை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அங்கேயே கரைந்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா என்னை உற்றுப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அத்தைன்னே கூப்ட்டுட்டா. இனிமே இன்னா பேச்சு? எங்களுக்குச் சம்மதங்க" என்று ஸ்பூனை எடுத்து வாயில் வைத்தார்.

வைத்தவர் அசையவில்லை. கண்ணில் நீர் தளும்பியது. நான் குக்கரோடு மல்லுக்கட்டியதில் கல்லுப்பு கிண்ணத்துக்குள் சிதறியிருந்தது. மீதி முழுக்கச் சுக்கு. ஆனாலும் கை நனைத்தாயிற்றே, விழுங்கினார்.

இன்றைக்கும் திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தை இதைச் சொல்லாமல் அனுப்புவதில்லை:

"நாங்க மொதல்ல சம்மதம்னுட்டு அப்பறந்தான் தின்னோம். தின்னுட்டுச் சொல்றதா இருந்தா, இவ இன்னும் விழுப்புரத்துலதான் ஒக்காந்திருப்பா!"